ஓபரா இயக்குநராகி, ஒரு நிறுவனத்தின் தலைமைக்கு வருவது எப்படி?

தெஹ்ரானில் 1929-இல் பிறந்து, மருத்துவம் படிப்பதற்காக லாஸ் ஏஞ்சலிஸுக்குச் சென்ற லோட்ஃபி மன்சூரி, அங்கே பல்கலைக்கழகத்தின் ஓபரா பட்டறையில் டெனார் (உயர்ந்த ஆண்குரல்) பாடகராக நுழைந்தார். பிறகு சூரிச்சிலும் ஜெனீவாவிலும் மேடை இயக்குநராகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1976 முதல் 1988 வரை டொராண்டோவிலுள்ள கனடிய ஓபரா நிறுவனத்தையும், 1988 முதல் 2001 வரை சான் ஃபிரான்சிஸ்கோ ஓபராவையும் தலைமையேற்று நடத்தினார். ஓபரா தன் வீட்டுக் கலையாக இல்லாத ஒருவர் இந்தத் துறையின் உச்சிவரை செல்ல இயலும் என்பதற்கு அவர் நல்ல சான்று. ஐரோப்பாவிலோ கனடாவிலோ வளரும் ஒரு தமிழ் இளைஞர் இந்தப் பாதையில் கால்வைக்க விரும்பினால், எதை எந்த வரிசையில் கற்க வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே காத்திருக்கக் கூடாது என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் இசை ஏடு

நாடக இயக்குநர் ஒரு மௌனத்தைத் தன் விருப்பம்போல் நீட்டலாம். ஓபரா இயக்குநருக்கு அந்த உரிமை இல்லை. ஒரு பாத்திரம் கதவிலிருந்து மேசைவரை நடக்க எத்தனை நொடிகள் கிடைக்கும் என்பதை இசையமைப்பாளர் முன்பே முடிவுசெய்துவிட்டார். இசை நடத்துநர் அதைச் சற்றே கூட்டலாம், குறைக்கலாம். ஆகவே இந்தத் தொழிலின் முதல் பாடம் காட்சியமைப்பு அன்று. பாடகர்களின் வரிகளோடு இசைக்குழுவின் பகுதியைப் பியானோவுக்குச் சுருக்கி அச்சிட்டிருக்கும் இசை ஏட்டைப் படிக்கக் கற்பதே முதல் பாடம். பியானோவில் வித்தகராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒத்திகையில் இசை நடத்துநர் ஒரு குறிப்பிட்ட அளவின் (ஏட்டில் கோடுகளால் பிரித்த தாளக் கட்டத்தின்) எண்ணைச் சொல்லி அங்கிருந்து தொடங்கச் சொன்னால், உங்கள் விரல் அந்த இடத்தில் உடனே இருக்க வேண்டும். அது தடுமாறினால், அறையில் இருக்கும் முப்பது பேரும் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

மொழிகளில் இத்தாலியமும் ஜெர்மனும் பிரெஞ்சும் தவிர்க்க முடியாதவை. ருஷ்யமும் செக்கும் பின்னர் வரட்டும். கதைச் சுருக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஒத்திகைக்கு வரும் இயக்குநர்கள் உண்டு. பாடகர் எந்தச் சொல்லின்மேல் மூச்சை முழுவதும் செலவிடுகிறார் என்று அறியாமல், சரியாக அந்த இடத்தில் அவரை மண்டியிடச் சொல்லிவிட்டு, அவர் முகம் சுளிப்பதற்குக் காரணம் புரியாமல் நிற்பவர்கள் அவர்கள்தாம்.

பயிற்சிக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் பிஸே இசையமைத்து 1863-இல் பாரிஸில் அரங்கேறிய 'முத்துக் குளிப்போர்' இலங்கைக் கடற்கரையில் நடக்கும் கதை. அதன் முதல் அங்கத்தில் நாதிர் என்னும் டெனாரும் ஸூர்கா என்னும் பாரிடோனும் (இடைநிலை ஆண்குரல்), கோயில் ஒன்றில் தாங்கள் முன்பு கண்ட முக்காடிட்ட பெண்ணை நினைவுகூர்ந்து பாடுகிறார்கள். புல்லாங்குழலும் ஹார்ப்பும் அந்தப் பெண்ணின் வருகையை முதலில் சொல்லிவிடுகின்றன. பாடகர்கள் அந்த மெட்டைப் பிறகுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் அந்த இசை தொடங்கும்போது இருவரும் எங்கே பார்க்கிறார்கள்? ஒருவரையொருவர் பார்த்தால் அது நட்பின் காட்சி. இருவரும் ஒரே வெற்றிடத்தைப் பார்த்தால் அது காதலின் காட்சி. ஒருவர் வெற்றிடத்தையும் மற்றவர் நண்பரின் முகத்தையும் பார்த்தால், பின்னால் வரப்போகும் பொறாமை அங்கேயே முளைத்துவிடுகிறது. மூன்றையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த அளவில் தொடங்கி எந்த அளவில் முடிய வேண்டும் என்று குறித்துப் பாருங்கள். இறுதியில் இரு குரல்களும் சேரும் இடத்தில் இருவருக்கும் இசை நடத்துநரோ, அவரைக் காட்டும் பக்கவாட்டுத் திரையோ கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மூன்று யோசனைகளில் ஒன்று தானாகவே உதிர்ந்துவிடக் கூடும்.

இந்தப் படைப்பில் தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் சாதகமும் உண்டு. இதன் கதையை எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவைக் களமாக நினைத்து, பிறகே இலங்கைக்கு மாற்றினார்கள். அதனால் அதிலுள்ள ஊரும் சடங்கும் பெரும்பாலும் பாரிஸ்காரர்களின் கற்பனை. ஆனால் குளிப்போரைக் காக்கப் பாறைமேல் நின்று பாடும் பூசாரிப் பெண் என்ற கருவுக்கு மன்னார் வளைகுடாவில் ஓர் உண்மையான உறவு இருக்கிறது. அங்கே முத்துக்குளிப்புக் காலத்தில், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளை அமர்த்துவது வழக்கமாக இருந்தது. இதை அறிந்த ஓர் உதவி இயக்குநர் ஒத்திகை அறையில் வாய்திறந்தால் எந்த இயக்குநரும் காதுகொடுப்பார். நீங்கள் பிறந்த இடத்தின் அறிவை மறைத்துவைக்க வேண்டியதில்லை. அது எந்தக் காட்சிக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொன்னால் போதும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக

மியூனிக்கிலுள்ள ஆகஸ்ட் எவர்டிங் நாடக அகாதெமி, பெர்லினின் ஹான்ஸ் ஐஸ்லர் இசைக் கல்லூரி, ஹாம்பர்க் ஆகிய இடங்களில் இசை நாடக இயக்கத்துக்கென்றே பட்டப்படிப்புகள் உள்ளன. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மெரோலா கோடைப் பயிற்சியில் இளம் பாடகர்களோடு ஒரு பயிற்சி இயக்குநரும் இடம்பெறுகிறார். ஆஸ்திரியாவின் கிராட்ஸில் நடக்கும் ரிங் அவார்டு போட்டியில் இயக்குநரும் வடிவமைப்பாளரும் அணியாகக் கலந்துகொள்ள வேண்டும். அந்த விதி நல்லது என்றே நினைக்கிறேன். உங்களோடு பத்தாண்டுகள் பயணம் செய்யப்போகும் அரங்க வடிவமைப்பாளரை இளம் வயதிலேயே தேடிக்கொள்ள அது உங்களைத் தூண்டுகிறது. பட்டம் இல்லாமலும் இத்துறைக்குள் வரலாம். ஆனால் உதவி இயக்குநராக இராமல் வருவது மிகக் கடினம்.

உதவி இயக்குநராக இருக்கும் ஆண்டுகள்

உதவி இயக்குநரின் முதன்மையான ஆயுதம் அவருடைய இயக்கப் பிரதி. இசை ஏட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்துக் கட்டமைத்துக்கொள்வார்கள். இசைப் பக்கத்தில் குறிப்பிட்ட அசையின் தலைமேல் ஓர் எண். எதிர்ப் பக்கத்தில் அதே எண்ணுக்கு நேராக யார், எங்கிருந்து, எங்கே, எந்தக் கையில் எதை வைத்துக்கொண்டு நகர்கிறார் என்ற குறிப்பு. அதற்கருகே மேடையின் சிறு வரைபடமும் அம்புக்குறிகளும் இருக்கும். எல்லாம் பென்சிலில்தான், ஏனெனில் நாளைக்கே மாறிவிடும். 'ஸூர்கா சோகமாக நகர்கிறார்' என்று எழுதிவைத்தால் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிரதியைத் திறப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. 'கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நாதிரைப் பாராமல், படகின் பின்புறமாக இடப்பக்கம் செல்கிறார். பாட்டின் கடைசிச் சொல்லுக்கு முன் நின்றுவிடுகிறார்' என்று எழுத வேண்டும்.

இந்தப் பிரதியின் மதிப்பு தயாரிப்பு மறுபடி மேடையேறும்போது தெரியவரும். ஓர் ஓபரா அரங்கு ஒரு தயாரிப்பைப் பத்து, இருபது ஆண்டுகள்கூட வைத்திருந்து அவ்வப்போது புதிய பாடகர்களோடு நிகழ்த்தும். அப்போது மூல இயக்குநர் பெரும்பாலும் வேறு நாட்டில் வேறு வேலையில் இருப்பார். புதிய பாடகர்களுக்குச் சில நாள்களுக்குள் எல்லாவற்றையும் கற்றுத்தருவது உதவியாளரின் பொறுப்பு. உங்கள் பெயர் அரங்க நிர்வாகத்தின் காதில் முதன்முதலாக விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

மாலை நிகழ்ச்சிக்கு முன் முக்கியப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்ற செய்தி நண்பகலில் வருவதும் இந்த ஆண்டுகளில் நடக்கும். அந்தப் பாத்திரத்தை அறிந்த வேறொரு பாடகரை விமானத்தில் வரவழைப்பார்கள். அவருக்கு இந்தத் தயாரிப்பின் அசைவுகளைக் கற்க நேரம் இல்லையென்றால், அவர் மேடையின் ஓரத்தில் இசைத்தாங்கியின் முன் நின்று பாடுவார்; உதவி இயக்குநர் அந்தப் பாத்திரத்தின் உடையை அணிந்து, வாயை மட்டும் அசைத்தோ அசைக்காமலோ, முழுப் பாத்திரத்தையும் நடித்துக்காட்டுவார். ஒவ்வோர் அடியும் உங்களுக்கு மனப்பாடமாக இருந்தாலொழிய அந்த மாலையை ஒப்பேற்ற முடியாது. எனவே ஒத்திகையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் கழிக்க வேண்டாம். பாடகர்கள் இல்லாத நேரங்களில் எழுந்து அவர்களுடைய இடங்களில் நடந்து பாருங்கள்.

யாரிடம் உதவியாளராக இருப்பது என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கது. பெர்லினில் 1947-இல் கோமிஷே ஓப்பர் என்ற ஓபரா அரங்கைத் தொடங்கி 1975-இல் இறக்கும்வரை நடத்திய வால்டர் ஃபெல்சன்ஷ்டைன், மற்ற அரங்குகள் நினைத்தும் பார்க்காத அளவு நீண்ட ஒத்திகைகளுக்குப் பெயர்போனவர். அவரிடம் பயின்ற ஜோகிம் ஹெர்ட்ஸ் லைப்சிக் ஓபராவையும் பிறகு கோமிஷே ஓப்பரையும் வழிநடத்தினார். அவரிடமே பயின்ற கெட்ஸ் ஃபிரீட்ரிக் 1981 முதல் 2000-இல் இறக்கும்வரை பெர்லினின் டாய்ச்சே ஓப்பருக்குத் தலைவராக இருந்தார். காட்சியமைக்கும் உத்தியை மட்டும் அவர்கள் அங்கே கற்றிருந்தால் இந்தப் பதவிகள் வந்திருக்குமா என்பது ஐயமே. ஒரு முழு நிறுவனத்தையே ஒரே கொள்கையின்கீழ் எப்படி இயக்குவது என்பதையும் அருகிலிருந்து பார்த்தார்கள். நீங்களும் முடிந்தால், நிறுவனத்தை நடத்திக்கொண்டே இயக்கும் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அதே வேளையில், உதவியாளராக ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'அவர் நம்பகமானவர்' என்ற நற்பெயர் மெல்ல 'அவர் உதவியாளர்தான்' என்ற முத்திரையாக உறைந்துவிடும். நான்காம் ஆண்டிலிருந்தாவது சிறிய அரங்குகளிலோ கல்லூரிகளிலோ சொந்தமாக இயக்கத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் சொந்தத் தயாரிப்பு

பெரிய அரங்கில் வேலை அரங்கேற்றத்துக்கு ஓராண்டுக்கு முன்பே, சிலவேளை அதற்கும் முன்பே தொடங்கிவிடும். ஜெர்மன் அரங்குகளில் பௌப்ரோப என்றொரு நாள் உண்டு. உங்கள் அரங்க அமைப்பை மரச்சட்டங்களையும் துணியையும் கொண்டு உண்மையான மேடையில் உண்மையான அளவில் தோராயமாக நிறுத்திக்காட்டுவார்கள். சிறிய மாதிரியில் அழகாகத் தெரிந்த மதில், மேல்தளத்தில் அமர்ந்திருப்பவருக்குப் பாடகரின் தலையை மறைக்கிறது என்பது அன்றுதான் தெரியவரும். அரங்கின் எல்லா மூலைகளிலும், குறிப்பாக மலிவான இருக்கைகளில் உட்கார்ந்து பாருங்கள். அன்று சொல்லப்படும் திருத்தத்தைத் தச்சர்கள் முகமலர்ச்சியோடு ஏற்பார்கள்; அதே திருத்தத்தை அரங்கேற்றத்துக்குப் பத்து நாள்கள் முன் சொன்னால், செலவுக் கணக்குக்குப் பொறுப்பானவர் உங்களைத் தேடி வருவார்.

பாடகர்களோடு ஒத்திகைக்குப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு வாரங்கள் கிடைக்கும். கூட்டமாகப் பாடும் குழுவான கோரஸுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அவர்கள் மற்ற இரவுகளில் வேறு ஓபராக்களில் பாடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுடைய நேரம் ஒப்பந்தப்படி அளக்கப்பட்டது. அறுபது பேர் நிற்கும் அறையில் யோசிக்கத் தொடங்கும் இயக்குநரை அவர்கள் மன்னிப்பதில்லை. கோரஸ் காட்சியை வீட்டிலேயே முழுமையாக வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காரணத்தோடு ஓர் இடத்தைத் தீர்மானித்துவிட்டுச் செல்லுங்கள்; அங்கே போய் மாற்றிக்கொள்வது வேறு விஷயம். கடைசி வாரங்களில் பியானோவோடு முழு உடை ஒத்திகை நடக்கும். அதுவே இயக்குநரின் கடைசி அதிகார நாள். இசைக்குழு மேடைக்கு முன்னாலுள்ள குழியில் அமர்ந்த பிறகு நேரம் இசை நடத்துநருடையது. அந்தக் கட்டத்தில் நிறுத்தச் சொல்லிக் கூவும் இயக்குநர் அனைவருடைய பொறுமையையும் இழக்கிறார். குறிப்பை எழுதிக்கொண்டு இடைவேளையில் சொல்வதே முறை.

சம்பளம் பொதுவாக ஒப்பந்தக் கையெழுத்து, ஒத்திகைத் தொடக்கம், அரங்கேற்றம் எனத் தவணைகளாகப் பிரிக்கப்படும். தயாரிப்பு மறுபடி மேடையேறினாலோ வேறு நகரத்துக்கு வாடகைக்குச் சென்றாலோ உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குங்கள். கூட்டுத் தயாரிப்பு என்றால் பங்கேற்கும் அரங்குகளில் மிகச் சிறிய மேடையின் அளவுகளை முதல் நாளே கேட்டுப் பெறுங்கள்.

தலைமைப் பொறுப்பு

இயக்குநர் மணிநேரங்களைப் பங்கிடுகிறார் என்றால், நிறுவனத் தலைவர் ஆண்டுகளைப் பங்கிடுகிறார். புகழ்பெற்ற பாடகர்களை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் அரசு மானியம் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்த இடைவெளியில் நிற்கத் தெரிந்தவர்தான் தலைவர்.

ஜெர்மனியில் தலைவருக்கு இன்டெண்டன்ட் என்று பெயர். செலவின் பெரும்பகுதியை நகரமும் மாநிலமும் ஏற்கின்றன. அமெரிக்காவில் அந்த இடத்தை அறங்காவலர் குழுவும் தனியார் நன்கொடையும் நிரப்புகின்றன. டிக்கெட் வருமானம் மட்டும் எங்குமே போதாது. இங்கிலாந்து இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே 2022 நவம்பரில் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவைத் தன் நிரந்தர மானியப் பட்டியலிலிருந்து நீக்குவதாக அறிவித்தபோது, அரசு மானியமும் நிலையற்றது என்று எல்லோருக்கும் உறைத்தது. நீங்கள் எந்த நாட்டில் தலைமை தேடுகிறீர்களோ அந்த நாட்டின் கணக்கேட்டைப் படிக்கப் பழகுங்கள். இயக்குநராக இருக்கும்போதே ஒவ்வொரு தயாரிப்பின் முடிவிலும் அதன் உண்மையான செலவு அறிக்கையைக் கேளுங்கள். பெரும்பாலோர் கேட்பதில்லை என்பதால் மகிழ்ச்சியாகவே காட்டுவார்கள்.

கணக்கைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு சாரா கால்டுவெல்லின் வாழ்க்கை பாடமாக இருக்கிறது. 1958-இல் பாஸ்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய அவர் தாமே இயக்கினார், தாமே இசைக்குழுவை நடத்தினார், தாமே பணமும் திரட்டினார். ஷோன்பெர்க்கின் 'மோசஸும் ஆரோனும்' ஓபரா அமெரிக்காவில் முதலில் மேடையேறியது அவரிடம்தான். 1976-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இசைக்குழுவை நடத்திய முதல் பெண்ணும் அவரே. 1978-இல் ஒரு பழைய திரையரங்கை நிறுவனம் சொந்தமாக வாங்கியது. அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் சுமையும் கடனும் சேர்ந்து அழுத்த, 1990-க்குப் பிறகு நிறுவனம் எழவே இல்லை. அத்தகைய கற்பனை வளம் கொண்டவருக்கு அருகில் 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒரு நிதி மேலாளர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தலைமை ஏற்றதும் நீங்கள் செய்யும் முதல் நியமனம் அந்த மனிதராக இருக்கட்டும்.

கட்டடமே இல்லாமலும் நிறுவனம் நடத்தலாம். 1987-இல் ஆங்கில இயக்குநர் கிரஹாம் விக் தொடங்கிய குழு பின்னாளில் பர்மிங்ஹாம் ஓபரா நிறுவனமாக வளர்ந்தது. அதற்குச் சொந்த அரங்கு கிடையாது. கைவிடப்பட்ட தொழிற்கூடங்களிலும் கிடங்குகளிலும் கூடாரத்திலும், நகரத்துச் சாதாரண மக்களைப் பெருந்திரளாகக் கோரஸிலும் நடிப்பிலும் சேர்த்துக்கொண்டு நிகழ்த்தினார். ஸ்டாக்ஹவுசனின் 'புதன்கிழமை' ஓபரா 2012-இல் முழுமையாக மேடையேறியதும் அப்படிப்பட்ட ஒரு பழைய தொழிற்கூடத்தில்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு கால்டுவெல்லின் வழியைவிட விக்கின் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

மன்சூரியிடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று. டொராண்டோவில் 1983 ஜனவரியில் 'எலெக்ட்ரா' ஓபரா நடந்தபோது, பாடல் வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை மேடைக்கு மேலே ஒளிரச் செய்தார். அரங்கில் மேல்தலைப்பு என்பது அங்கேதான் தொடங்கியது. பார்வையாளரின் கண்ணை மேடையிலிருந்து இழுக்கும் மலிவான உத்தி என்று பலர் எதிர்த்தார்கள். மெட்ரோபாலிட்டன் ஓபரா 1995-இல் இருக்கையின் முதுகில் சிறு திரைகளாக அதை ஏற்றுக்கொண்டது. பெர்லினின் கோமிஷே ஓப்பர் அந்தச் சிறுதிரையில் துருக்கி மொழியையும் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. அந்த நகரில் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்து எடுத்த முடிவு அது. அரங்கத்தின் வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவருவது எது என்ற கேள்விக்கு உங்களிடம் தெளிவான, செய்யத்தக்க ஒரு விடை இருக்க வேண்டும். நேர்காணலில் அறங்காவலர்கள் உங்கள் கலைக் கொள்கையைப் பற்றிக் கேட்பதைவிட இதைப் பற்றியே அதிகம் கேட்பார்கள்.

நெருக்கடியைத் திட்டமாக மாற்றத் தெரிந்தவராகவும் மன்சூரி இருந்தார். 1989 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஓபரா அரங்கைப் பலப்படுத்துவதற்காக 1996 முதல் 1997 செப்டம்பர் வரை மூட வேண்டியிருந்தது. நிறுவனத்தை முடக்கிவைக்காமல் வேறு அரங்குகளுக்குக் கொண்டுசென்றார். 'லா போயேம்' ஓபராவை ஒரு நாடக அரங்கில் பல பாடகர் அணிகளை மாற்றிமாற்றித் தொடர்ந்து நடத்தினார். அதே காலத்தில் புதிய படைப்புகளுக்கும் ஆணை கொடுத்துக்கொண்டிருந்தார். 1998-இல் ஆந்த்ரே பிரெவினின் முதல் ஓபராவும், 2000-இல் ஜேக் ஹெகியின் முதல் ஓபராவும் அவருடைய அரங்கில்தான் பிறந்தன.

தலைவராக இருக்கும்போது நீங்களே எத்தனை தயாரிப்புகளை இயக்கலாம் என்பது முள்போன்ற கேள்வி. பருவத்துக்கு (ஓராண்டின் நிகழ்ச்சித் தொடருக்கு) ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று ஒப்பந்தத்திலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒத்திகை அறையில் ஆறு வாரங்கள் அடைந்துகிடக்கும் தலைவரின் மேசையில் கோப்புகள் குவியும். மேலும், மிக நல்ல பாடகர்களையும் மிகப் பெரிய தொகையையும் தமக்கே ஒதுக்கிக்கொண்டார் என்ற பேச்சு எழுந்தால் மற்ற இயக்குநர்கள் உங்களிடம் வரத் தயங்குவார்கள். இசைத் தலைவரோடு உறவு வேறொரு நுட்பமான இடம். பாடகர் தேர்வில் கடைசிச் சொல் யாருடையது என்பதை இருவரும் பதவியேற்பதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். மனக்கசப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஜெர்மனியில் பதவியேற்பவர் இன்னொன்றையும் எதிர்கொள்ள வேண்டும். தலைவர் மாறும்போது நிரந்தரக் குழுப் பாடகர்களின் ஆண்டு ஒப்பந்தங்களை நீட்டிக்காமல் விட அவருக்கு உரிமை உண்டு. 15 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர்களை மட்டும் அவ்வாறு எளிதில் விலக்க முடியாது. பதினான்காம் ஆண்டில் இருக்கும் ஒரு பாடகரை நேரில் அழைத்துப் பேசாமல் கடிதத்தால் அனுப்பிவிடும் தலைவரைப் பற்றி அந்தக் கட்டடத்தின் தையல் அறைமுதல் ஒளிப்பலகைவரை பேசுவார்கள். எவரை விலக்கினாலும் அவரை முதலில் மேடையில் பாடக் கேளுங்கள், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

பொதுவாக, நியமனம் அறிவிக்கப்படுவதற்கும் பதவியேற்பதற்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். அந்தக் காலத்தில் முதல் இரண்டு பருவங்களை வகுத்துவிட வேண்டும்: எல்லோரும் அறிந்த 'கார்மென்', 'லா டிராவியாட்டா' போன்றவை நிறுவனத்தின் வாடகையைக் கொடுக்கும், அவற்றுக்கு நடுவே அரிய படைப்பு ஒன்றையும் புதிய படைப்பு ஒன்றையும் வையுங்கள். மூன்றாம் பருவத்தைப் பாதி திறந்தே விடுங்கள், ஏனெனில் முதல் பருவத்தின் வசூலைப் பார்த்தபிறகே உங்கள் நகரத்தை நீங்கள் அறிவீர்கள். பதவியிலிருந்து விலகும்போது, அடுத்தவருக்குரிய பருவங்களில் உங்கள் விருப்பங்களைக் கையெழுத்திட்டு நிரப்பிவைக்காதீர்கள். பெரிய பாடகர்களின் தேதிகளை மட்டும் பிடித்துவைத்து, படைப்புகளின் பெயரை வெறுமையாக விட்டு, கடன்களின் உண்மையான பட்டியலோடு ஒப்படையுங்கள்.